கடைசி எட்டு வீடுகளின் கடைக்கால்

அன்புள்ள சேகருக்கு,

வரிகள் ஏறி இறங்குவதைப் பார்த்து நைனாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது என்று பயந்துவிடாதே. கை நன்றாகத்தான் இருக்கிறது. எழுத்துதான் புதிது. சுவர் எழுப்பும்போது நூல் பிடிப்பது போல ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்படியும் ‘ஞ’ வரும்போது வரியை விட்டுக் கீழே இறங்கிவிடுகிறது. பொறுத்துக்கொண்டு படி. இதை ஆரம்பித்து இன்று பதினோராவது நாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்த மனிதர் ஏன் இப்படிக் குழந்தை மாதிரி எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கவில்லை. ஒன்றாம் வகுப்பும் படிக்கவில்லை. போன வருஷம் ஆடி மாதம் வரை எனக்கு என் கையெழுத்தைப் போட மட்டும்தான் தெரியும். அதுவும் எழுத்தாகத் தெரியாது, ஒரு கோலத்தை மனப்பாடம் செய்தது போலத் தெரியும். எண்கள் தெரியும், டேப் பிடித்து அளக்கத் தெரியும். அவ்வளவுதான்.

இத்தனை வருஷம் கழித்து இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்த மாதம் முதலாளி வீடுகள் இருபதின் மேலும் மாடி எழுப்பலாம் என்று இன்ஜினியராக நீ எழுதிக் கையெழுத்துப் போடப்போகிறாய். கடைசி எட்டு வீடுகளுக்குப் போடாதே. அந்த வீடுகளின் கடைக்கால், உன் பாஷையில் அஸ்திவாரம், மாடியைத் தாங்காது. அது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பஜாரில் மொத்த மளிகைக் கடை வைத்திருந்த முதலாளி, மூட்டை தூக்கியவர்களுக்கும் கல் உடைத்தவர்களுக்கும் தர்மமாகக் கட்டிக்கொடுத்த வீடுகள் அவை. மேஸ்திரியாக நின்று கட்டியவன் நான். போன மாதம் முதலாளியின் பேரன் நம் வீட்டுக்கு வந்து உனக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாரே, நினைவிருக்கிறதா? “சார், மாடி எடுக்கறதுக்கு முன்னாடி கடைக்கால தோண்டிப் பாக்கணுமா?” என்று கேட்டார். நீ சிரித்தாய். “எங்க நைனா கட்டினதுங்க. தோண்ட வேணாம். பிளான்ல இன்னா இருக்குதோ அதான் மண்ணுக்குள்ள இருக்கும்” என்றாய். அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோதும் சொல்லப் பார்த்தேன். “நைனா, சாப்டியா?” என்பாய். “சாப்ட்டேன்” என்பேன். அதற்கு மேல் மழை, வெயில் என்று எதையாவது பேசுவேன். உன் அம்மா போனைப் பிடுங்கிப் பேரப்பிள்ளைகளிடம் பேசப் போய்விடுவாள். பொய் சொல்வது வாய்க்குப் பழகிவிட்டது சேகர். உண்மைக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. எழுத்தில் ஒன்று நல்லதாக இருக்கிறது. நான் எழுதும்போது நீ என் முகத்தைப் பார்க்க முடியாது.

நான் படிக்காதவன் என்பதை உன்னிடம் எப்படி மறைத்தேன் என்று யோசிப்பாய். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பேன். டீக்கடையில் பேப்பரை விரித்து, மடித்து, தலையாட்டிவிட்டுக் கீழே வைப்பேன். உன் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டை நீ கொண்டுவந்து நீட்டினால், “நீயே படி, எப்படிப் படிக்கறன்னு பாக்கலாம்” என்பேன். நீ கணக்கில் வாங்கிய மார்க்கை மட்டும் குரலைத் தாழ்த்திப் படிப்பாய். எனக்கு எண் தெரியும் என்பதால் அதில் மட்டும் உன்னால் ஏமாற்ற முடியவில்லை. தபால் வந்தால் கண்ணாடி இல்லை என்பேன். கண்ணாடி வாங்கிய பிறகு, பவர் சரியில்லை என்றேன். உன் அம்மாவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். அவளும் படிக்காதவள், ஆனால் அதை யாரிடமும் மறைத்ததில்லை. “எனக்குத் தெரியாதுப்பா, நீ படிச்சி சொல்லு” என்று பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்டுவிடுவாள். அவளுக்கு ஒரு நாளும் பஸ் தவறியதில்லை. நான் பனமலைக்குப் போக வேண்டியவன், யாரையும் கேட்க வெட்கப்பட்டு அவலூர்பேட்டையில் போய் இறங்கியிருக்கிறேன். இறங்கியதும் அங்கே வேலை இருந்தது போலக் கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பினேன்.

முதலாளி வீடுகளின் பொது அறையில் மத்தியானம் முதியோர் வகுப்பு ஆரம்பித்தபோது முதலில் சேர்ந்தவள் அவள்தான். அவளைக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு நான் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பேன். நான்காம் நாள் டீச்சர் எட்டிப் பார்த்து, “உள்ள வாங்க தாத்தா, வெயில்ல ஏன் நிக்கிறீங்க?” என்றார். “நான் படிச்சவன்மா. இவளுக்குத் துணைக்கி வந்தேன்” என்றேன். உள்ளே இருந்து உன் அம்மா, “ஆமா டீச்சர், அவரு பெரிய படிப்பு. இன்னும் கொஞ்ச நேரம் வெளியில நின்னா வக்கீலே ஆயிடுவாரு” என்றாள். அறையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். அன்று ஆரம்பித்த சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வது? பஜாரில் நடந்தால் கடைகள் எல்லாம் என்னோடு பேசுகின்றன. நாற்பது வருஷமாக ‘பச்சைக் கதவுக் கடை’ என்று நான் அடையாளம் வைத்திருந்த இடத்துக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்திருக்கிறது! பஸ் போர்டு, ரேஷன் கடைப் பலகை, கரண்ட் பில், சுவரில் விளம்பரம் எழுதாதே என்று எழுதியிருக்கும் சுவர், ஒன்றையும் விடாமல் சத்தமாகப் படிக்கிறேன். உன் அம்மா, “கொஞ்சம் வாயை மூடிக்கினு நட” என்று அதட்டுகிறாள்.

இந்தச் சந்தோஷத்தில்தான் உன் சங்கத்து மலரை எடுத்தேன். இன்ஜினியர்கள் சங்கம் போட்ட அந்தப் புத்தகத்தில் உன் கட்டுரை வந்திருக்கிறது என்று நீ அனுப்பினாய். இரண்டு வருஷமாக பீரோவில் இருந்தது. நான் முழுதாகப் படித்த முதல் அச்சு எழுத்து அதுதான். ஐந்து பக்கத்துக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் லண்டனில் ஏழைகளுக்காக வீடு கட்டிய கட்டடக் கலைஞர் ஒருவருடைய வாழ்க்கை. ஒரு தனவந்தர் தர்மமாகக் கொடுத்த பணத்தில், ஒரே அறையில் பத்துப் பேர் கிடந்த சனங்களுக்கு அவர் அடுக்கடுக்காக வீடு கட்டினார் என்று எழுதியிருந்தாய். வரைவதற்கு முன்பு சந்து சந்தாக நடந்து, துணி துவைக்கும் பெண்களிடம் தண்ணீர் எங்கே வேண்டும் என்று கேட்டார். ஒவ்வொரு மாடியிலும் குழாய் வைத்தார். பிள்ளைகள் விளையாட நடுவில் முற்றம் விட்டார். பார்க்க ஜெயில் மாதிரி இருக்கிறது என்று பெரிய மனிதர்கள் ஏளனம் செய்தபோது, பூவேலைக்கு ஆகும் செலவில் இன்னும் இரண்டு குடும்பத்துக்கு ஜன்னல் வைக்கலாம் என்று சும்மா இருந்துவிட்டார். படிக்கப் படிக்க அந்த வெள்ளைக்காரர் எனக்குத் தொழில்காரச் சொந்தம் போல ஆகிவிட்டார்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி வந்தது. அவர் கட்டிய ஒரு வரிசையில் கீழ் வீடுகளில் ஈரம் ஏறி, குழந்தைகளுக்கு இருமல் வந்தது. யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை, மழையைத்தான் சொன்னார்கள். அவரே தர்மம் கொடுத்தவர்களுக்குக் கடிதம் எழுதினார். மண்ணைச் சரியாகப் பார்க்காதது என் தப்பு, அந்த அறைகளைக் காலி செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு சில வருஷம் அவருக்கு வேலை வரவில்லை. இந்தப் பத்தியை நான் இரண்டு நாள் படித்தேன். எழுத்து கடினம் என்பதால் இல்லை. அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

கடைசிப் பக்கத்தில் நீ என்னைப் பற்றி எழுதியிருந்தாய். என் நைனாவும் இப்படிப்பட்ட மனிதர் என்று. இரண்டு காரணம் சொல்லியிருந்தாய். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பிளானை எடுத்து விளையாடியதற்கு நைனா கன்னத்தில் ஒரு அறை விட்டார், வரைபடத்தை மதிக்க அன்றுதான் கற்றேன் என்பது ஒன்று. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்பு, கூலி வாங்காமல், கடைசி வீடுகளுக்குப் போய் சுவரைப் பூசிக் கொடுத்துவிட்டு வருவார் என்பது மற்றொன்று. சேகர், இரண்டும் நடந்தது உண்மை. இரண்டுக்கும் நீ சொன்ன காரணம் தவறு. என் வாழ்க்கையிலேயே நான் ரொம்பக் கேவலமாக நடந்துகொண்ட இரண்டு இடத்தைத் தேடி எடுத்து, அவற்றைப் பெருமையாக அச்சில் போட்டிருக்கிறாய். உன் மேல் தப்பில்லை. அப்படித் தெரியும்படி நடந்துகொண்டவன் நான்.

நடந்ததைச் சொல்கிறேன். நம் ஊர்க் கிருஷ்ணகிரி மலைக்குக் கீழே அந்த நிலத்தில் முதல் பன்னிரண்டு வீடு வருகிற இடம் பாறை. இரண்டரை அடி தோண்டினால் கடப்பாரை ‘டங்’ என்று திரும்பி வரும். மீதி எட்டு வீடு வருகிற இடம் முன்பு கல் உடைத்த குட்டை, பிறகு மண் கொட்டி மூடியது. பிளான் போட்ட இன்ஜினியர் பட்டணத்துக்காரர், நல்ல மனிதர். எனக்குப் புரிய வேண்டும் என்று பிளானின் ஓரத்தில் தமிழிலேயே, மேஸ்திரிக்கு என்று மேலே போட்டு, எண்களையும் எழுத்தாலேயே எழுதி, நாலு வரி கொடுத்தார். “எல்லாம் எழுதியிருக்கேன் மேஸ்திரி, படிச்சிப் பாத்துக்கோங்க. நான் வர ஒரு மாசம் ஆகும்” என்றார். நான் நாலு மூலைக்கும் நாலு கல்லை வைத்துப் பிளானைத் தரையில் விரித்து, அந்த வரிகளின் மேல் விரலை ஓட்டி, “சரிங்க சார்” என்றேன். படத்தில் இருந்த எண் இரண்டரை. இருபது வீட்டுக்கும் இரண்டரையே தோண்டினேன்.

படிக்கத் தெரியாததால் நடந்தது என்று இதோடு முடித்துவிட்டால் எனக்குச் சௌகரியம். ஆனால் மண்ணைப் படிக்க எனக்கு எழுத்து வேண்டியதில்லை. பதின்மூன்றாம் வீட்டுக் கடைக்காலுக்கு வானக்குழி தோண்டும்போதே மண் கூடையில் சாம்பல் போல விழுந்தது. அங்கே சித்தாளாக இருந்த பச்சையம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, “மேஸ்திரி, இன்னா மண்ணு இது, பொலபொலன்னு வருது. இன்னும் கீழ போவணும் போலக்குது” என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிளானில் ஏதோ எழுதியிருக்கிறது, அது என்ன என்று எனக்குத் தெரியாது, அதை யாரிடமும் கேட்கவும் முடியாது. அந்த எரிச்சலை அவள் மேல் காட்டினேன். “நீ மேஸ்திரியா நான் மேஸ்திரியா? பிளானைப் படிச்சவன் நானு. கூடையைத் தூக்கு” என்றேன். அவள் தூக்கினாள்.

இன்ஜினியர் திரும்பி வந்தபோது சுவர் ஜன்னலுக்கு மேல், லிண்டல் மட்டத்துக்கு வந்திருந்தது. “கடைசி எட்டுக்கு எழுதினபடிதானே போட்டீங்க?” என்று கேட்டார். “எழுதினபடிதான் சார்” என்றேன். என்ன எழுதியிருந்தது என்று தெரியாமலே சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ டிரங்குப் பெட்டியில் இருந்த பிளானை எடுத்து, அப்போதுதான் வேகமாகப் படிக்கக் கற்ற பெருமையில், எழுத்தைக் கூட்டிச் சத்தமாகப் படித்தாய். பதின்மூன்றாம் வீடு முதல் கடைசி வரை நிரப்பிய மண், ஐந்தடிக்குக் குறையாமல் தோண்டிக் கல் அடுக்கவும் என்று. “நைனா, அஞ்சடி போட்டியா?” என்று நிமிர்ந்து கேட்டாய். அப்போதுதான் உன்னை அடித்தேன். காகிதத்தைப் பிடுங்கி மடித்தேன். நீ அழவில்லை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “கிழிக்கல நைனா, படிச்சிதான் பாத்தேன்” என்றாய். இந்த வரியை எழுதும்போது பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த உன் அம்மா, “அன்னிக்கி அதுக்கா புள்ளய அடிச்ச?” என்று கேட்டுவிட்டுச் சமையல் கட்டுக்குள் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்போது கூரைத் தளம் போடவில்லை. நிறுத்தியிருக்கலாம். இன்ஜினியரிடம் போய், எனக்குப் படிக்கத் தெரியாது சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எட்டு வீட்டைப் பிரித்துத் திரும்பக் கட்டியிருப்போம். மேஸ்திரி என்ற பெயர் போயிருக்கும், வேறொன்றும் போயிருக்காது. அந்தப் பெயருக்காக எட்டுக் குடும்பத்தை அந்தச் சுவர்களுக்குள் குடி வைத்தேன். இரண்டு மழைக்காலம் கழித்து, பதினெட்டாம் வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து தரை வரை ஒரு விரிசல் ஓடியது. நான் போய்க் கொத்திப் பூசினேன். அடுத்த வருஷம் மறுபடி திறந்தது, பக்கத்து வீட்டிலும் வந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன்பு நானே சிமெண்டு கலந்துகொண்டு போய்விடுவேன், வேறு யாராவது ஆளைக் கூப்பிட்டால் அவன் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவானோ என்று. சனங்கள் மோர் கொடுத்து, மேஸ்திரிக்கு எவ்வளவு நல்ல மனசு என்றார்கள். நீ அதையே புத்தகத்தில் போட்டாய். நான் அங்கே தர்மம் செய்யப் போகவில்லை சேகர். தடயத்தை மூடப் போனேன்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, நேற்றுக் காலை பதினெட்டாம் வீட்டுக்குப் போனேன். உன்னிடம் காகிதத்தில் சொல்வது பாதி வேலைதான் என்று தோன்றியது. அந்த வீடு பச்சையம்மாவுக்குத்தான் கிடைத்தது, உனக்குத் தெரியும். பேரனுக்குத் தையில் கல்யாணம் வைத்திருக்கிறாள், மேலே ஒரு அறை வந்துவிடும் என்ற நம்பிக்கையில். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நின்றபடியே, கடைக்கால் இரண்டரை அடிதான், ஐந்தடி இல்லை, பிளானில் எழுதியிருந்ததை எனக்கு அப்போது படிக்கத் தெரியாது, தெரிந்த பிறகும் மறைத்தேன், மாடி எடுக்கக் கூடாது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“இதச் சொல்லவா மேஸ்திரி இவ்ளோ காலையில வந்த?” என்றாள். “எனக்குத் தெரியாதா? மண்ண அள்ளிக் கொட்டினவ நானு.”

“தெரிஞ்சிக்கினா குடியிருந்த?”

“வேற எங்க போவச் சொல்ற? மழ பேஞ்சா புள்ளைங்கள இந்தப் பக்கத்து செவுத்தாண்ட படுக்க வெக்க மாட்டேன். அவ்ளோதான்.” ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். பிறகு சொன்னாள்: “வருஷா வருஷம் நீ சிமெண்டு சட்டியத் தூக்கிக்கினு வரும்போது, இந்த வருஷமாவது சொல்லிடுவியான்னு பாப்பேன். நீ பூசிட்டு, மோரக் குடிச்சிட்டு பூடுவ.”

படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “மத்த ஏழு வீட்டுக்கும் நீ சொல்றியா, உன் பேச்சுன்னா கேப்பாங்க” என்று கேட்டேன். அந்த நேரத்திலும் தப்பிக்கத்தான் பார்த்தேன் பார். “நான் இன்னாத்துக்குச் சொல்லணும்? நானா கட்டினேன்? நீ போயி ஒவ்வொரு வீடா நின்னு சொல்லு” என்றாள். பிறகு, “கல்யாணத்துக்கு மாடி இல்லன்னு பேரன் கிட்டயும் நீதான் சொல்லணும். அவன் ரொம்பக் கோவக்காரன்” என்றாள்.

அதனால் நீ செய்ய வேண்டியது இது. முதலாளியின் பேரனிடம் என் பெயரைச் சொல்லியே சொல். மேஸ்திரி பொய் சொல்லிவிட்டார், கடைசி எட்டு வீட்டுக்கும் மூலைக்கு ஒரு குழி தோண்டிப் பார்க்க வேண்டும் என்று சொல். மாடி எடுக்க முடியாவிட்டாலும் இப்போது இருக்கிற வீட்டையாவது எப்படிப் பலப்படுத்துவது என்று பார். அது உனக்குத் தெரிந்த வேலை. தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேள். கேட்பதற்கு மட்டும் வெட்கப்படாதே, நான் அந்த ஒரு வெட்கத்தை முப்பத்தைந்து வருஷம் வளர்த்தேன். பிளானை இதோடு வைத்திருக்கிறேன். ஓரத்தில் உள்ள நாலு வரியை இப்போது நானே படித்துவிட்டேன். அழகான கையெழுத்து, ஒரு எழுத்துகூடக் கடினமாக இல்லை. உன் கட்டுரையை மறுபடி அச்சுக்குக் கொடுத்தால் கடைசிப் பக்கத்தை எடுத்துவிடு. அந்த லண்டன்காரருக்குப் பக்கத்தில் நான் நிற்கக் கூடாது. இதையெல்லாம் படித்த பிறகு உனக்கு என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் மட்டும் பேசு. நான் புரிந்துகொள்வேன்.

நாளைக்குப் பதின்மூன்றாம் வீட்டில் ஆரம்பிக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு வீடு, அதற்கு மேல் என்னால் முடியாது. கோவக்காரப் பேரனைக் கடைசியாக வைத்திருக்கிறேன், அவன் வேலைக்குப் போகாத நாளாகப் பார்த்து. எந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். அங்கே என் காதில் விழப்போகிற வசவு வார்த்தைகள் சிலவற்றை டீச்சர் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுத்தைக் கூட்டி நானே எழுதிவிடுவேன், ஒன்றையும் விடமாட்டேன்.

உன் நைனா